அது மெதேயாவின் கை அல்ல

குத்தாயிசி
9 நவம்பர் 1997

லாம்போ,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. ஏதென்ஸில் உன்னை எல்லோரும் ஹாரிஸ் என்று கூப்பிடுகிறார்களாமே. அந்த ஹாரிஸுக்கு எழுத எனக்கு ஒன்றும் இல்லை. கிரேக்கர்கள் குடியிருக்கிற நம் ட்சால்கா மலையிலிருந்து ஒரு மரப்பெட்டியோடு திபிலிசிக்கு நாடகம் படிக்க வந்து, முதல் நாளே என் பக்கத்தில் உட்கார்ந்து என் ரொட்டியில் பாதியைத் தின்றானே ஹர்லாம்பி, அவனுக்கு எழுதுகிறேன். என் மகள் மாக்வாலாவுக்கு ஞானத்தகப்பனாக நின்றவனுக்கு எழுதுகிறேன். அவன் இன்னும் உயிரோடு இருந்தால் படிக்கட்டும்.

உங்கள் தொடரைப் பார்த்துவிட்டேன்.

நீ அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டாய் என்று இப்போது புரிகிறது. கீழ்வீட்டுக்காரியின் தங்கை தெசலோனிக்கியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறாள். அவள் வாராவாரம் பதிவு செய்து, எல்லா வீடியோ கேசட்டுகளையும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். சனிக்கிழமை எங்கள் கட்டடம் முழுக்க என் வீட்டில்தான். வழக்கம்போல் கரண்ட் இல்லை. என் வீட்டுக்காரர் கார்லோ எங்கேயோ போய் ஜெனரேட்டர் இரவல் வாங்கி வந்தார். நான் காலையிலிருந்து பீன்ஸ் ரொட்டி சுட்டேன். என் முகத்தை டிவியில் பார்க்க வருகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா?

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. யாசோன் கப்பலேறினான், துடுப்புப் போட்டார்கள், பாறை இடித்தது, எல்லோரும் 'ஓ' என்றார்கள். பொன் ஆட்டுத்தோலைத் தேடி நம் கொல்கேத்திக்கு, இந்த ஜார்ஜிய மண்ணுக்கு, வந்து சேர்ந்தபோது கைதட்டல். எங்கள் ரியோனி ஆறு என்று எதையோ காட்டினீர்கள். மேல்மாடி டெக்லே, "இது ரியோனியா? எங்க வீட்டுச் சாக்கடை இதவிட அகலம்" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். பிறகு, அவனை நம்பி ஊரைவிட்டுப் போகிற நம் ராஜகுமாரி மெதேயாவாக, நான் வந்தேன். மறுபடி கைதட்டல். பிறகு நான் வாயைத் திறந்தேன்.

வேறு எவளோ பேசினாள்!

படப்பிடிப்புக்கு வந்து கோடை முழுக்க வோலோஸில் அந்த அத்திமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு கிரேக்கச் சொல்லையும் உன்னிடம் பாடம் கேட்டேனே, அது எங்கே போனது? என் உச்சரிப்பில் குறை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். மெதேயா வேற்று நாட்டுக்காரிதானே, வேறு எப்படிப் பேசுவாள்? அந்தக் குரல்காரியோ பாம்பு சீறுகிற மாதிரி சீறினாள். டெக்லே என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏண்டி, அங்க போய் ஐஸ் ஏதாவது தின்னியா? தொண்டை என்னத்துக்கு இப்படி ஆச்சு?" என்றாள்.

அதையும் பொறுத்தேன். கடைசிப் பகுதிக்கு வந்தோம்.

யாசோன் அவளைக் கைவிட்டுக் கொரிந்து ராஜாவின் மகளைக் கட்டப்போகிறான். மெதேயா மணப்பெண்ணுக்கு விஷம் தோய்த்த உடையை அனுப்புகிறாள். அதுவரை நான் நடித்ததுதான். அதற்குப் பிறகு, பிள்ளைகள் தூங்குகிற அறை. ஒரு கை. கையில் கத்தி. கத்தி இறங்குகிறது. அடுத்து என் முகம், பெரிதாக, திரை நிறைய. நான் சிரிக்கிறேன்.

நான் அப்படி ஒரு காட்சியில் நடிக்கவே இல்லை, லாம்போ! அந்தச் சிரிப்பு கல்யாண விருந்துக் காட்சியில் வந்தது. ஆட்டுக்குட்டி யாசோனின் அங்கியைப் பிடித்து மென்றதே, அப்போது அடக்க முடியாமல் சிரித்தேன். அதை எடுத்துக் கொலைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறீர்கள்.

மாக்வாலா எழுந்து வெளியே போனாள். பதினாலு வயசுப் பெண். அம்மா பிள்ளைகளை வெட்டிவிட்டுச் சிரிப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் டெக்லேதான் வாயைத் திறந்தாள். "அது ஆம்பளை கைடி. மணிக்கட்டுல எவ்வளவு ரோமம் பாரு." அதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

இப்போது உன் ஞாபகத்துக்கு ஒரு விஷயம். போன வருஷம் கதைத்தாள்களோடு என் வீட்டுக்கு வந்தாய். நான் முடியாது என்றேன். "எங்க ஊர்ல மெதேயான்னு பொண்ணுங்களுக்குப் பேர் வைக்கறோம். நான் அவளைப் பிள்ளைக்கொல்லியா நடிச்சுட்டு இந்த ஊர்ல நடமாட முடியுமா?" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? கொரிந்துக்காரர்களே பிள்ளைகளைக் கொன்றுவிட்டுப் பழியைத் தாய்மேல் போட்டார்கள் என்று பழைய கிரேக்கர்களே சிலர் சொல்லியிருக்கிறார்கள், நான் அப்படித்தான் எழுதப்போகிறேன் என்றாய். கார்லோவின் ஒயினை ஊற்றி, எழுந்து நின்று, அதற்காகவே ஒரு வாழ்த்துச் சொல்லிக் குடித்தாய். நம் ஊரில் ஒயினைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது சத்தியத்துக்குச் சமம் என்று உனக்குத் தெரியாதா? ட்சால்காவில் பிறந்தவன்தானே நீ?

பதில் எழுது. விளக்கம் வேண்டாம், பதில்.

லாமாரா


ஏதென்ஸ்
24 நவம்பர் 1997

அன்புள்ள லாமாரா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோபப்படு. உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு கோபப்படு.

இது நம் கல்லூரி நாடகம் இல்லை. இங்கே நாலைந்து பேர் எழுதுகிறோம். ஒருவன் எழுதியதை இன்னொருவன் அடிக்கிறான். கடைசிப் பகுதி என் மேசைக்கு வரவே இல்லை. படத்தொகுப்பு அறைக்குள் என்னை விடுவதில்லை. குரல் மாற்றியதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கிரேக்கத்தில் ஆறாம் வகுப்புப் பையனுக்குக் கூட மெதேயா பிள்ளைகளைக் கொன்றாள் என்று தெரியும். வேறு மாதிரி காட்டினால் டிவியை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றார் தயாரிப்பாளர். அவர் சொல்வதில் தப்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. நான் ஏதோ ஒலிவமரத்து நிழலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறேன் என்று நினைக்காதே. ஜார்ஜியாவில் இருந்தவரைக்கும் என்னைக் 'கிரேக்கன்' என்றீர்கள். இங்கே வந்தால் 'ரஷ்யக்காரன்' என்கிறார்கள். நான் ரஷ்யாவைப் பார்த்ததே இல்லை! அலுவலகத்தில் நான் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தால் அது மதியச் சாப்பாடு வரைக்கும் வேடிக்கை. பெயரைச் சுருக்கிக்கொண்டது அதற்காகத்தான். அதையும் நீ குத்திக்காட்ட வேண்டுமா?

கொஞ்ச நாள் பொறு. ஒரு பத்துக் கேசட்டை உங்கள் ஊரில் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதானே. மறந்துபோவார்கள்.

மாக்வாலாவுக்கு என் முத்தங்கள்.

ஹர்லாம்பி


குத்தாயிசி
10 டிசம்பர் 1997

லாம்போ,

மாக்வாலாவுக்கு உன் முத்தத்தைக் கொடுத்தேன். பதிலுக்கு அவள் ஒன்று கொடுத்தாள், வாங்கிக்கொள்.

வோலோஸில் நீதானே அவளுக்குக் கிரேக்க எழுத்துச் சொல்லிக்கொடுத்தாய்? நேற்று அவள் கடைசிக் கேசட்டைப் போட்டு, முடிவில் ஓடுகிற பெயர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அந்தப் பகுதிக்குக் கதை வசனம்: ஹாரிஸ் சிதிரோப்புலோஸ். முன்னால் ஒருவரும் இல்லை, பின்னால் ஒருவரும் இல்லை. மற்றப் பகுதிகளில் நாலைந்து பேர் இருக்கிறார்கள், நீ சொன்னது சரிதான். இந்த ஒன்றில் மட்டும் நீ ஒருத்தன். "அம்மா, ஞானத்தப்பா பேரு பெரிய எழுத்துல வருது" என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

மேசைக்கு வரவே இல்லையா? மேசைக்கு அடியில் வைத்து எழுதினாயா?

மறந்துபோவார்கள் என்றாய். சொல்கிறேன், எப்படி மறக்கிறார்கள் என்று. பத்துக் கேசட் இப்போது நூறாகிவிட்டது; சந்தையில் நகல் எடுத்து விற்கிறான் ஒருவன், அட்டையில் என் படம். போன வெள்ளிக்கிழமை எங்கள் நாடகத்தில் நான் அத்தை வேஷம். இரண்டாம் அங்கத்தில் ஒரு குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும். தூக்கினேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "பிள்ளையைக் கீழ விடு!" என்று கத்தினான். அரங்கம் முழுக்கச் சிரித்தது. என்னோடு நடித்தவர்களும் சிரித்தார்கள், லாம்போ. முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். குழந்தை பயந்து அழுதது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

நாடகம் முடிந்ததும் இயக்குநர் என் அறைக்கு வந்தார். "ஒரு சீசன் ஓய்வெடுத்துக்கோ லாமாரா. ஜனங்க கொஞ்சம் அடங்கட்டும்" என்றார். இருபது வருஷமாக அந்த மேடையில் நிற்கிறேன். யுத்தம் நடந்தபோது மெழுகுவத்தி வைத்து நடித்தேன். அப்போது ஓய்வெடு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

மெதேயா சாது என்று நான் சொல்லவில்லை. விஷ உடையை அனுப்பினவள்தான், அதை முழுமனதோடு நடித்தேன். செய்த கொலைக்கு அவள் பேரைச் சொல்லுங்கள். செய்யாததை ஏன் அவள் தலையில் கட்டுகிறீர்கள்? கொரிந்துக்காரன் அன்றைக்குக் கட்டினான். நீ இன்றைக்குக் கட்டினாய். அவனாவது எதிரி.

லாமாரா


ஏதென்ஸ்
27 டிசம்பர் 1997

லாமாரா,

சரி. நான்தான் எழுதினேன். ஒளிக்க நினைத்தது முட்டாள்தனம்.

அதற்காக உன் முன்னால் மண்டியிடுவேன் என்று எதிர்பார்க்காதே. தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ எழுதறியா, இன்னொருத்தரை வெச்சு எழுதிக்கவா?" என்றார். அந்த இன்னொருத்தர் எழுதியிருந்தால் மெதேயா சூனியக்காரியாகவே முதலிலிருந்து கடைசிவரை வந்திருப்பாள். நான் எழுதியதால்தான் கப்பல் மேல்தட்டில் அவள் தன் ஊர்க்கரை மறைவதைப் பார்த்து நிற்கிற காட்சி மிஞ்சியது. அதற்காகச் சண்டை போட்டேன். ஒன்றைக் காப்பாற்ற ஒன்றைக் கொடுத்தேன். உனக்கு இது வியாபாரமாகத் தெரியும். தெரியட்டும். நீ ஒரே மேடையில் இருபது வருஷம் நின்றவள். நான் ஒரு நாட்டைவிட்டு இன்னொரு நாட்டுக்கு வந்து வாசலில் நிற்கிறவன்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு இந்தத் தாளைக் கிழிக்காதே. திபிலிசியில் ஒரு தொலைக்காட்சி நிலையம் தொடரை வாங்கியிருக்கிறது. வசந்தத்தில் ஜார்ஜிய மொழியில் போடப்போகிறார்கள். மொழிபெயர்க்கிற வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மெதேயாவுக்கு உன்னையே குரல் கொடுக்கக் கூப்பிடுவார்கள். உன் சொந்தக் குரல் திரும்ப வரும். அதையாவது எடுத்துக்கொள்.

புத்தாண்டு உனக்கும் கார்லோவுக்கும் நல்லபடியாக இருக்கட்டும்.

ஹர்லாம்பி


குத்தாயிசி
20 ஜனவரி 1998

லாம்போ,

உன் மொழிபெயர்ப்புத் தாள்கள் நிலையத்திலிருந்து வந்து சேர்ந்தன. அழகான ஜார்ஜிய மொழி. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பாவி, நீ எவ்வளவு நன்றாக எழுதுவாய் என்பதே மறந்துபோயிருந்தது.

ஆனால் கடைசிப் பகுதியில் அப்படியே எழுதி வைத்திருக்கிறாய்: 'மெதேயா சிரிக்கிறாள்.' சந்தையில் விற்கிற கேசட் இந்த ஊருக்குள் மட்டும்தான். இது நாடு முழுக்கப் போகும். கிரேக்கர்கள் எவளோ ஒருத்தியின் குரலில் செய்ததை, நான் என் தொண்டையால், என் மொழியில், என் ஜனங்களிடம் செய்ய வேண்டும் என்கிறாயா?

ஒரே ஒரு பக்கம்தான் கேட்கிறேன். நீ முதலில் எழுதியிருந்தாயே, அந்த முடிவு. படத்தை மாற்ற முடியாது, சொல்லை மாற்றலாம். பிப்ரவரி கடைசியில் பதிவு. அதற்குள் எழுதி அனுப்பு. நீ அனுப்பினால் இதுவரை நடந்ததைப் பற்றிப் பேச மாட்டேன்.

லாமாரா


ஏதென்ஸ்
5 பிப்ரவரி 1998

லாமாரா,

முடியாது. ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடுத்த தொடருக்கு என்னைத் தலைமை எழுத்தாளனாக எடுத்திருக்கிறார்கள். என் மனைவி சோஃபியாவுக்கு இங்கே இன்னும் வேலை கிடைக்கவில்லை. எனக்கு இதில் விளையாட இடமில்லை.

தாளில் உள்ளதைப் பேசு. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹ.


குத்தாயிசி
3 மார்ச் 1998

லாம்போ,

பேசிவிட்டு வந்தேன். தாளில் உள்ளதை அல்ல.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிறகு எவனோ சொல்லி நீ தெரிந்துகொண்டதாக இருக்கக் கூடாது.

எங்கள் நாடகக் குழுவில் அன்றைக்கு முதுகைத் திருப்பிச் சிரித்த ஆட்களில் மூன்று பேரிடம் போனேன். "சிரிச்சதுக்குப் பரிகாரம் பண்றீங்களா?" என்று கேட்டேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரயிலேறி வந்தார்கள். திபிலிசியில் பதிவு அறை குளிர்பெட்டி மாதிரி இருந்தது. கோட்டோடு உட்கார்ந்துதான் பேசினோம், வாயைத் திறந்தால் புகை. ஒலிப்பதிவாளர் ஜும்பெர் என்கிறவர், நல்ல மனுஷன். முதல் பகுதிகள் எல்லாம் உன் தாளில் உள்ளபடி முடித்துக்கொடுத்தேன். கப்பல் மேல்தட்டுக் காட்சியில் ஜும்பெரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நல்ல காட்சிதான், நீ சண்டை போட்டது வீண் இல்லை.

கடைசிப் பகுதி வந்ததும், "ஜும்பெர், இதுல நான் வேற பேசப்போறேன்" என்றேன்.

"வேறன்னா? தாள்ல இருக்கறதத்தான் பேசணும் அம்மணி. மேல இருந்து எனக்கு அப்படித்தான் உத்தரவு."

"தாள்ல 'சிரிக்கிறாள்'னு இருக்கு. நீங்க சத்தத்த நிறுத்திட்டு அந்த முகத்த ஒரு தடவை பாருங்க."

சத்தத்தை நிறுத்திப் போட்டார். வாய் பிளந்திருக்கிறது, கண் சுருங்கியிருக்கிறது, தோள் குலுங்குகிறது, கண்ணோரத்தில் ஈரம். மறுபடி போட்டார். தாடியைச் சொறிந்தார்.

"அழற மாதிரியும் இருக்கே இது!"

"அந்தக் கையைப் பாருங்க. அது பொம்பளை கையா?"

"இல்ல," என்றார். "எங்க மச்சான் கை மாதிரி இருக்கு."

நாங்கள் செய்தது இவ்வளவுதான். கை திரையில் வருவதற்கு முன்னாலேயே கதவுக்கு வெளியே ஆட்கள் கூச்சல் போடுகிறார்கள். "ராஜா மகளைக் கொன்னவளோட குட்டிங்க! ஒண்ணையும் விடாதே!" நான், "ஓடுங்க பிள்ளைகளா, கோயிலுக்கு ஓடுங்க!" என்று கத்துகிறேன். கை வருகிறது. அதன்மேல் ஒரு ஆண் குரல், "பழியை அவ மேலயே போட்டுடலாம், யாரு கேக்கப்போறா?" என்கிறது. கத்தி இறங்குகிறது. பிறகு என் முகம். அழுதேன். கோடையில் எங்கேயோ ஆட்டுக்குட்டியைப் பார்த்துச் சிரித்த முகத்துக்குள் புகுந்து, உதட்டசைவுக்குச் சரியாகப் பொருத்தி அழுதேன். முடிந்ததும் ஜும்பெர் இயந்திரத்தை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தார்.

கடைசியில், "ஜார்ஜிய வசனம்னு யார் பேரைப் போடறது?" என்று கேட்டார். உன் பேரைச் சொன்னேன். ஹாரிஸ் அல்ல, நம் ஊரில் எழுதுகிற மாதிரி ஹர்லாம்பி சிதிரோப்புலோ. அப்படியே எழுதிக்கொண்டார்.

இப்போது நீ கத்தலாம்.

லாமாரா


ஏதென்ஸ்
30 மார்ச் 1998

லாமாரா,

கத்துகிறேன்.

என் பெயரை எடுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? நான் எழுதாததை நான் எழுதியதாக ஊர் முழுக்கச் சொல்ல நீ யார்? பெயர் போடாமல் விட்டிருக்கலாம். உன் பெயரையே போட்டிருக்கலாம். ஜும்பெர் பெயரைக்கூடப் போட்டிருக்கலாம். தேடிப்பிடித்து என் பெயரைப் போட்டாய்!

உன் முகத்தில் இப்போது ஒரு சிரிப்பு வந்திருக்கும், எனக்குத் தெரிகிறது. 'என் முகத்தை எடுத்து நீங்கள் ஒட்டினீர்களே' என்று சொல்லப்போகிறாய். சொல்லாதே. உன் முகத்தைத் திருடியதால் உனக்கு ஒரு சீசன் போனது. எனக்கு எல்லாமே போகும்.

நிலையம் முன்கூட்டியே போட்டுக்காட்டியதைப் பார்த்துவிட்டுத் திபிலிசிப் பத்திரிகை ஒன்று 'கிரேக்கத்திலிருந்து நம் மெதேயாவுக்கு நியாயம் செய்த எழுத்தாளர்' என்று என்னைப் புகழ்ந்து எழுதியிருக்கிறது. யாரோ அதை மொழிபெயர்த்து எங்கள் அலுவலகத்துக்கு ஃபாக்ஸ் அனுப்பிவிட்டார்கள். புகழ்ச்சியால் கழுத்தறுபட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தயாரிப்பாளர் ஒரு தாளை நீட்டியிருக்கிறார். வசனம் என்னுடையது அல்ல, நிலையத்து ஆட்களே என் பெயரில் மோசடி செய்தார்கள் என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் என்மேல் ஒன்றும் இல்லை. ஜார்ஜிய ஒளிபரப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நிலையத்தின் மேல் வழக்குப் போடுவார்கள்.

பதிவின் நகல் வந்ததும் எல்லோர் முன்னாலும் போட்டுப் பார்க்கிறார்களாம். அதுவரைக்கும்தான் எனக்கு அவகாசம்.

அந்தத் தாளில் இருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, லாமாரா. அதை யோசித்துப் பார்.

ஹர்லாம்பி


குத்தாயிசி
14 ஏப்ரல் 1998

லாம்போ,

யோசித்துப் பார்த்தேன். அதில் ஒரு பெரிய பொய் இருக்கிறது.

அந்த வசனங்கள் நான் எழுதியவை என்றா நினைத்தாய்? நான் நடிகை, எனக்கு ஒரு வரி எழுத வராது. வோலோஸில் முதல் தடவை நீ கொடுத்த தாள்களில் இருந்தவை அவை. கதவுக்கு வெளியே கூச்சல், 'பழியை அவள் மேலேயே போட்டுவிடலாம்', எல்லாம் நீ எழுதியது. அதைப் படமெடுக்காமலே விட்டாலும் கிரேக்கத்தில் மனப்பாடம் பண்ணியிருந்தேன், ஜார்ஜிய மொழிக்கு மாற்றினேன், அவ்வளவுதான். கோபத்தில்தான் உன் பேரைப் போட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். நீயும் கொஞ்சம் துடிக்க வேண்டும் என்றுதான் போட்டேன். ஆனால் வேறு யார் பேரைப் போட்டாலும் அதுதான் திருட்டாக இருந்திருக்கும்.

போன வாரம் கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. அன்றைக்கென்று கரண்ட் போகவில்லை. எங்கள் வீட்டில் மறுபடி அதே கூட்டம். நான் சமையலறையில் நின்றுகொண்டேன், பார்க்கத் தெம்பில்லை. சத்தம் மட்டும் கேட்டது. என் அழுகை எங்கள் டிவியிலிருந்தும் எதிர்க்கட்டட ஜன்னல்களிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டது, எல்லோரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாக்வாலா சமையலறைக்குள் வந்து என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். டெக்லே கதவருகில் நின்று மூக்கைச் சிந்தினாள். "அது ஆம்பளை கைன்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்றாள். மறுநாள் தெருவில் எல்லோரிடமும் அவள்தான் கதையைக் கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நாடக இயக்குநர் வந்தார். கையில் பூ. "ஓய்வு போதும் லாமாரா" என்றார். "இல்ல, இன்னும் ரெண்டு நாள் ஓய்வெடுத்துக்கறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கார்லோ விழுந்து விழுந்து சிரித்தார்.

என் காரியம் முடிந்துவிட்டது. இனி ஜும்பெரைப் பற்றித்தான் பயம். வழக்கு வந்தால் முதலில் அவரைத்தான் வெளியே தள்ளுவார்கள். அவருக்கு இதில் ஒரு ஆதாயமும் இல்லை. சத்தத்தை நிறுத்திப் பார்த்தார், அதுதான் அவர் செய்த குற்றம்.

உன்னைக் கையெழுத்துப் போடாதே என்று கேட்க மாட்டேன். ஒரு தடவை ஒரு பக்கம் கேட்டேன், இல்லை என்றாய். இரண்டாம் தடவை கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. சோஃபியாவின் நிலைமை எனக்கும் தெரியும். எது செய்தாலும் ஜும்பெருக்கு நீயே நேரில் எழுதிவிடு.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். முட்டைக்குச் சாயம் போட உட்கார வேண்டும்.

லாமாரா


ஏதென்ஸ்
12 மே 1998

லாமாரா,

ஜும்பெருக்குத் தனியாக எழுதிவிட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகாது.

நகல் வந்தது. தயாரிப்பாளர் அறையில் ஆறேழு பேர், ஒரு வக்கீல். கடைசிப் பகுதியைப் போட்டார்கள். அந்த அறையில் ஜார்ஜிய மொழி தெரிந்தவன் நான் ஒருவன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர்கள் எல்லோரும் முட்டாள் மாதிரி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் மட்டும் புரிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உன் குரல். படிக்கிற காலத்தில் கேட்ட அதே குரல், கொஞ்சம் தடித்திருக்கிறது.

நீ அழுதபோது ஒருத்தரும் அசையவில்லை. அது விருந்துக் காட்சியின் சிரிப்பு என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

தயாரிப்பாளர்தான் கேட்டார். "என்ன சொல்றா அவ?"

வரிவரியாகக் கிரேக்கத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல அது நான் எழுதிய கிரேக்கமாகவே திரும்பி வந்தது, ஒரே ஒரு வரி தவிர ஒரு சொல் பிசகாமல். வோலோஸில் என்னோடு இருந்த உதவி இயக்குநர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்கு ஞாபகம் இருந்தது.

"இதை எழுதினது யாரு?" என்றார் வக்கீல்.

"நான்தான்."

"மொழிபெயர்ப்புத் தாள்ல இது இல்லையே?"

"இல்ல. அதுக்கு ரொம்ப முன்னாடி எழுதினது. அங்க இருக்கறவங்க யாரும் மோசடி பண்ணல. அத்தனையும் என் வசனம். வழக்குப் போடறதா இருந்தா என் மேல போடுங்க."

வழக்கெல்லாம் போடவில்லை. பத்திரிகையில் வந்தால் அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும் வெளியே வரும், அது அவர்களுக்கு வேண்டாம். அடுத்த தொடரிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது சாயங்காலங்களில் ட்சால்காவிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். சோஃபியா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நாலாம் நாள் அவளே ஒரு தையல் கடையில் வேலை தேடிக்கொண்டாள்.

உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என்னைக் கேட்காமல் என்னை நல்லவனாக்கினாய். அந்தக் கோபம் லேசில் போகாது. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். அப்படியே இருப்போம், பிறகு பார்க்கலாம்.

ஆனால் ஒரு விஷயத்தைச் சரிசெய்தே ஆக வேண்டும். ஜூலையில் மறு ஒளிபரப்பு இருப்பதாக ஜும்பெர் எழுதியிருக்கிறார். அதற்குள் திபிலிசிக்குப் போய் ஒரே ஒரு வரியை மறுபடி பதிவு செய். 'ஓடுங்க பிள்ளைகளா' என்று நான் எழுதவே இல்லை. அது உன் சொந்தச் சரக்கு, அது தப்பு. வீட்டுக்குள் ஆட்கள் கத்தியோடு நுழையும்போது எந்தத் தாய் 'பிள்ளைகளா' என்பாள்? ஊரில் உள்ள பிள்ளைகளையா கூப்பிடுகிறாள்?

பெரியவன் மெர்மெரோஸ். சின்னவன் ஃபெரெஸ். பெயர் சொல்லிக் கூப்பிடு.

ஹர்லாம்பி